அணங்கும் இறையும்: அதீதப் புனைவுகளில் நகைச்சுவை பற்றிய ஒரு நோக்கு

1

பேயும் பூதமும், சூனியக்காரியும் இரத்தக்காட்டேரியும், மானிட உருவில் தெருவுக்கு வரும் கடவுளும் பாத்திரங்களாக இடம்பெறும் ஆக்கங்களை எமது திறனாய்வு பெரும்பாலும் வாயிலிலேயே நிறுத்திவிட்டது. 1954ஆம் ஆண்டில் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதன் பின்னர், ஈழத்துத் திறனாய்வின் தலையாய அளவுகோலாக யதார்த்தவாதம் நிலைபெற்றது. அவ்வளவுகோல் காலத்தின் தேவையிலிருந்து பிறந்ததாகும். சாதிக் கொடுமையையும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வையும் விவசாயியின் கடன் சுமையையும் முதன்முதலாக எழுத்திற் கொண்டுவர வேண்டியிருந்த ஒரு சமூகத்தில், மாயக் கதைகளுக்கு இடங்கொடுப்பது வாசகனை அவனது வாழ்விலிருந்து அப்பாற் கொண்டு செல்வதாகும் என்ற ஐயம் எழுந்தமை இயல்பே. அத்தகைய ஆக்கங்களில் நகைச்சுவையும் சேர்ந்தபோது ஒதுக்கல் இருமடங்காயிற்று. மாயம் பொய், சிரிப்பு பொழுதுபோக்கு, இரண்டும் கூடிய இடத்திற் கிடைப்பது வணிகச் சரக்கு என்பதே பொதுக் கணிப்பாக இருந்தது.

இக்கணிப்பு முற்றிலும் தவறானது என வாதிடுவது எமது நோக்கமன்று. வெகுசனச் சந்தையில் மலிந்து கிடக்கும் பேய்ச் சிரிப்புப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பெரும்பாலும் இக்கணிப்பை மெய்ப்பிப்பனவாகவே உள்ளன. ஆயினும் இக்கணிப்பினால் விளக்க முடியாத சில உண்மைகள் எம்முன் உள்ளன. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை இரத்தக்காட்டேரிக்கு ஒப்பிட்டவர் மார்க்ஸ். பொருளாதார ஆய்வு நூலொன்றிலே, தொழிலாளியின் வேலைநேரத்தைக் கணக்கிடும் பகுதியிலே, அவருக்குப் பேய்க்கதையின் உருவகம் தேவைப்பட்டது. தமிழிலோ, புதுமைப்பித்தனின் அங்கதத்தின் உச்சங்களுள் ஒன்று, கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்பதாகப் புனையப்பட்ட கதையாகும்.

எனவே வினாவை வேறு வகையில் எழுப்புதல் வேண்டும். அதீதப் புனைவு யதார்த்தமானதா என வினவுவதை விடுத்து, அதிலே எழும் சிரிப்பு எவ்வச்சத்தை நீக்குகிறது, எவ்வச்சத்தை விட்டுவைக்கிறது என வினவ வேண்டும். பேயும் கடவுளும் மாய ஆற்றலும் கதையுலகின் உண்மைகளாகவே ஏற்கப்படும் ஆக்கங்களை 'அதீதப் புனைவு' என்ற பெயரால் இக்கட்டுரையிற் சுட்டுகின்றோம்.

2

இவ்வினாவுக்கு விடை தேடப் புறப்படுவோர் மேலைத்தேயக் கோட்பாடுகளை முதலில் நாடுவது வழக்கம். எனினும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எமக்கு மிகப் பயன்தரும் தொடக்கம் ஒன்றைத் தந்துள்ளது. மெய்ப்பாடு எட்டினுள் நகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. அச்சத்துக்கும் நிலைக்களன் நான்கே. மனிதரை வருத்தும் இயற்கையிகந்த ஆற்றலாகிய அணங்கு ஒன்று. ஏனையவை விலங்கு, கள்வர், தம் இறை என்பன. ஈற்றில் வரும் இறை என்பது அரசர் முதலாக ஒருவரைத் தன் ஆணைக்குள் வைத்திருக்கும் மேலோரைக் குறிக்கும்.

இவ்வரிசை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேய்க்கு அஞ்சுவதும் ஆள்வோனுக்கு அஞ்சுவதும் இலக்கண ஆசிரியருக்கு ஒரே மெய்ப்பாடு. நான்கு களன்களும் ஒரே உடல்நடுக்கத்தை விளைவிப்பன. அவ்வாறாயின் ஓர் இலக்கியகாரன் அணங்கைப் பற்றிப் பேசுவதுபோல் இறையைப் பற்றிப் பேசலாம்; அணங்கின் மீதான அச்சத்தைச் சிரிப்பினால் நீக்கி, அஞ்சத்தக்கது எதுவென இறையின் பக்கம் விரல் நீட்டவும் செய்யலாம். சிறந்த அதீதப் புனைவுகளில் நகைச்சுவை ஆற்றும் பணி இதுவே என்பது எமது கருத்தாகும்.

இதற்கு எதிர்த்திசையிலும் சிரிப்பு இயங்கக்கூடும். எமது இலக்கியத்திலேயே அதற்குப் பேருதாரணம் உண்டு. முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்திற் கூழ் சமைத்து உண்ணும் காட்சியைப் பெரு நகைச்சுவையோடு விரிக்கின்றது. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் எனப் பேயுலகம் மனித சமூகத்தின் படியாகவே அமைகின்றது. உயிர்க்கொலை புரியாத சமணப் பேய்க்குப் பிணக்கூழை மயிர் நீக்கி வடித்து வார்க்க வேண்டியிருக்கிறது. பேய்களின் பசியும் அவாவும் ஆசாரமும் எம்மைச் சிரிக்க வைக்கின்றன. அணங்கின் மீதான அச்சம் முற்றாகக் கரைந்துவிடுகிறது. ஆனால் அச்சிரிப்பின் பயன் யாரைச் சென்றடைகிறது? களத்தில் மடிந்தவர் கூழுக்குப் பொருளாகின்றனர். அரச ஆதரவை இழந்துகொண்டிருந்த சமயத்தவர் எள்ளலுக்கு இலக்காகின்றனர். உண்டு களித்த பேய்கள் இறுதியில் மன்னனை வாழ்த்துகின்றன. அணங்கு எளிமையாக்கப்படுகிறது, இறை உயர்த்தப்படுகிறது. செயங்கொண்டாரின் கற்பனை வளத்தையும் சந்த ஆற்றலையும் வியக்கும் நாம், அச்சிரிப்பு அரசவைச் சிரிப்பு என்பதை மறத்தலாகாது.

ஆகவே அதீத நகைச்சுவை என்பது தன்னளவில் முற்போக்கானதோ பிற்போக்கானதோ அன்று. சிரிப்பு அச்சத்தை வெல்லும் மக்கள் ஆயுதம் என்று பாக்தின் 1965இல் வெளிவந்த ரபலே பற்றிய நூலில் வற்புறுத்தினார். அது அரைவாசி உண்மை. வெல்லப்பட்ட அச்சம் எதுவென்பதையும் சேர்த்துக் கேட்கும்போதே உண்மை நிறைவுபெறும்.

3

ஒஸ்கார் வைல்ட் 1887இல் எழுதிய 'கன்ரவில் ஆவி' என்ற கதை இவ்வகையில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டாகும். அமெரிக்கத் தூதுவர் ஒட்டிஸ் ஆங்கிலப் பிரபு ஒருவரின் பழைய மாளிகையை ஆவியோடு சேர்த்தே விலைக்கு வாங்குகிறார். 1575இல் மனைவியைக் கொன்ற சேர் சைமனின் ஆவி அங்கு உலவுகிறது; நூலக அறையில் அழியாத இரத்தக்கறை ஒன்று உண்டு. தூதுவரின் மூத்த மகன் விளம்பரப் பெயர் பெற்ற கறைநீக்கியொன்றால் அதனைத் துடைத்தெறிகிறான். சங்கிலி குலுங்க நள்ளிரவில் ஆவி நடந்தபோது, துருப்பிடித்த சங்கிலிக்குப் பூசுமாறு தூதுவர் எண்ணெய்ப் போத்தலொன்றை நீட்டுகிறார். இரட்டைப் பிள்ளைகள் தலையணையால் எறிகின்றனர். போலிப் பேயுருவொன்றைச் செய்துவைத்து உண்மைப் பேயையே அஞ்சி ஓடவைக்கின்றனர். ஒவ்வொரு நாளும் அழிக்கப்படும் கறையைப் புதுப்பிப்பதற்கு ஆவி தூதுவரின் மகளுடைய வர்ணப் பெட்டியைத் திருடுகிறது; சிவப்பு முடிந்தபின் கறை பச்சையாகவும் மாறுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பழமையை நவீனம் வென்ற கதை. பிரபுத்துவத்தின் பயமுறுத்தல் பண்டச் சந்தையின் முன் செல்லாக்காசாகிறது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெருமையாக விளங்கிய பேய், சலவைப் பொருளின் வலிமையால் மதிப்பிழக்கிறது. ஆனால் வைல்ட் ஒரு பக்கத்தை மட்டும் எள்ளவில்லை. எதனையும் விலைகொடுத்து வாங்கி, எண்ணெய் பூசி, துடைத்துத் தூய்மையாக்கிவிடலாம் என நம்பும் ஒட்டிஸ் குடும்பத்தாரும் சிரிப்புக்கு இலக்காகின்றனர். தொல்காப்பியச் சொற்களிற் கூறின், இரட்டையரின் சிரிப்பு இளமையிற் பிறந்தது. தூதுவர் எமக்கு நகைப்பூட்டுவது அவரது பேதைமையால். ஆவி நகைப்பூட்டுவது, தன் பெருமையைத் தானே நம்பும் மடமையால். ஆசிரியரின் எள்ளல் மூவரையும் தழுவி நிற்கிறது.

பிராய்ட் 1919இல் எழுதிய 'விசித்திர அச்சம்' பற்றிய கட்டுரையில் இக்கதையைச் சுட்டி, ஆசிரியர் அதனைக் கேலி செய்யத் தொடங்கிய கணமே ஆவி அச்சம் விளைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது என்றார். அது சரியான அவதானிப்பு. ஆயினும் அச்சம் நீங்கிய இடம் வெறுமையாக இல்லை என்பதை அவர் தொடர்ந்து ஆராயவில்லை. கதையின் பிற்பகுதியில் ஆவி தடிமன் பிடித்து, களைத்து, மூப்புற்று, தன் மாளிகையில் தானே ஒளிந்து திரியும் நிலையை அடைகிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றைத் தொல்காப்பியர் இளிவரலின் களன்களாகக் கூறியுள்ளமை நினைக்கத்தக்கது. நகையிலிருந்து இளிவரலுக்கும், இளிவரலிலிருந்து அழுகைக்கும் கதை நகர்கிறது. கொலைகாரனான சேர் சைமன், மனைவியின் சகோதரரால் பட்டினி போட்டுக் கொல்லப்பட்டவன் என்பதை அப்போதுதான் அறிகிறோம். ஆவிக்காகக் கண்ணீர் விடும் இளம் பெண் வேர்ஜினியா மட்டுமே அதற்கு ஓய்வைப் பெற்றுத் தருகிறாள். கறைநீக்கியால் ஆகாதது கண்ணீரால் ஆகிறது.

இம்முடிவில் விக்ரோரியா கால மெல்லுணர்வு இருப்பதை மறுப்பதற்கில்லை. வேர்ஜினியா ஆவியிடமிருந்து அணிகலன்களைப் பெற்றுக் கோமகன் ஒருவனை மணப்பதும், அமெரிக்கப் பணமும் ஆங்கிலப் பட்டமும் கைகோத்துக்கொள்வதும் வைல்டின் எல்லையைக் காட்டுவன. எனினும் சிரிப்பின் வழியாக மட்டுமே சென்றடையக்கூடிய ஒரு பரிவை அவர் கண்டுகொண்டார்.

4

வைல்டிடத்து அச்சத்திலிருந்து பரிவுக்குச் செல்லும் பாதை, ருஷ்ய இலக்கியத்தில் நேராக இறைக்குச் செல்கிறது. கொகோலின் 'மூக்கு' 1836இல் வெளிவந்தது. எட்டாந்தர உத்தியோகத்தனான கொவல்யோவ் ஒருநாட் காலையில் எழுந்தபோது முகத்தில் மூக்கைக் காணவில்லை. பின்னர் தன் மூக்கைத் தெருவிற் சந்திக்கிறான். அதுவோ தன்னிலும் உயர்ந்த பதவியினருக்குரிய சீருடை அணிந்து வண்டியில் வந்திறங்குகிறது. தன் மூக்கோடு பேச அவன் தயங்குகிறான். காரணம் மாயத்துக்கு அஞ்சியமையன்று, சீருடைக்கு அஞ்சியமையே. 1722இல் மகா பீற்றர் விதித்த பதினான்கு படிநிலைப் பதவி அட்டவணைக்குள் வாழும் மனிதனுக்கு, உடலுறுப்பொன்று தனியே நடமாடுவது வியப்பாக இல்லை. அது தன்னிலும் மேற்பதவியில் இருப்பதே திகைப்பாக உள்ளது. அணங்கின் அச்சம் இறையின் அச்சமாக மாறும் இரசவாதத்தை இதனிலும் சுருக்கமாகக் காட்டிய கதை உலக இலக்கியத்தில் அரிது.

இம்மரபில் வந்தவரே புல்காக்கோவ். 1928இல் தொடங்கி 1940இல் தாம் இறக்கும் வரையும் அவர் திருத்தித் திருத்தி எழுதிய 'மாஸ்ரரும் மார்கரீட்டாவும்' என்ற நாவல், 1966 - 67இல் மொஸ்கோ சஞ்சிகையொன்றில் பல வெட்டுகளுடன் வெளிவந்தது. சாத்தானும் அவனது பரிவாரமும் மொஸ்கோவுக்கு வருகின்றனர். பரிவாரத்தில் மனிதர்போல் பேசும் கரும்பூனையொன்றும் உண்டு. இவர்கள் வந்ததால் நகரில் தீமை புதிதாகத் தோன்றவில்லை. ஏலவே இருந்த பேராசையும் கோழைத்தனமும் காட்டிக்கொடுப்பும் வெளிச்சத்துக்கு வருகின்றன. எழுத்தாளர் சங்கத் தலைவர் விபத்தில் இறந்த செய்தி பரவியதும், அவர் குடியிருந்த அறைகளைக் கேட்டு விண்ணப்பங்கள் குவிகின்றன. அதிகாரி ஒருவர் மறைந்துபோக, அவரது வெற்று உடை மட்டும் கதிரையில் அமர்ந்து கோப்புகளிற் கையொப்பமிடுகிறது. பின்னர் உடைக்குள் மீண்டு வந்த அதிகாரி, உடை எடுத்த முடிவுகள் யாவற்றையும் அங்கீகரிக்கிறார்.

எமது முற்போக்கு அணியினர் இந்நாவலை முன்வைத்துத் தம்மைத்தாமே வினவ வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 1934இல் சோவியத் எழுத்தாளர் மாநாடு சோஷலிச யதார்த்தவாதத்தைப் பிரகடனம் செய்த பின்னர் வெளிவந்த பெருந்தொகையான 'யதார்த்த' நாவல்களில் இடம்பெற முடியாத மொஸ்கோ நகரத்து யதார்த்தம், சாத்தானும் பூனையும் உலவும் நாவலில் எங்ஙனம் இடம்பெற்றது? யதார்த்தவாதம் என்பது ஒரு பார்வை. அதனை ஒரு வடிவத்துக்குரிய உரிமைச் சீட்டாகக் கருதியமையே எமது தவறு. பழக்கப்பட்டதைப் பழக்கமற்றதாகக் காட்டி மக்களைச் சிந்திக்கத் தூண்டுவதே கலையின் கடன் என்ற பிரெக்டின் கொள்கையை நாடகத்துறையில் வரவேற்ற நாம், அதனையே புனைகதையில் கையாண்டோரைப் பல வேளைகளிற் சந்தேகத்துடன் நோக்கினோம்.

ஆங்கிலத்தில் ரெரி பிரட்செட் 1983 முதல் 2015இல் மறையும் வரையும் எழுதிய 41 நாவல்கள் கொண்ட வட்டுலக வரிசையும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அதிலே சாவு என்பது ஒரு பாத்திரம். பூனைகளிடத்து அன்பு கொண்டது. ஆனால் இவ்வரிசையின் மிகப் புகழ்பெற்ற பகுதிகளுள் ஒன்று மாயம் பற்றியதன்று. 1993இல் வெளிவந்த நாவலொன்றில் நகரக் காவற்படைத் தலைவன், வசதியுள்ளவன் விலையுயர்ந்த சப்பாத்தை ஒருமுறை வாங்கிப் பல்லாண்டு அணிவதையும், ஏழை மலிவான சப்பாத்தை அடிக்கடி வாங்கி ஈற்றில் அதிக பணம் செலவிட்டும் ஈரக்காலுடன் நிற்பதையும் எண்ணிப் பார்க்கிறான். மந்திரவாதிகளும் பூதங்களும் நிறைந்த நகரத்திலே வறுமையின் கணக்கே பெரிய மர்மமாக நிற்கிறது.

5

தொலைக்காட்சியின் நிலை இதனிலும் சிக்கலானது. அங்கு சிரிப்பு விளம்பரதாரரின் பணத்தால் உற்பத்தி செய்யப்படுகிறது. 1964 முதல் 1972 வரை அமெரிக்காவில் 254 அங்கங்களாக ஒளிபரப்பான 'பிவிட்ச்ட்' தொடர் இதற்கு வகைமாதிரியாகும். சமந்தா சூனிய ஆற்றல் வாய்ந்த பெண். மூக்கை அசைத்தால் எதனையும் ஆக்கவும் அழிக்கவும் வல்லவள். அவள் மணந்த டெரினோ விளம்பர நிறுவன உத்தியோகத்தன். அவ்வாற்றலைக் கைவிட்டுச் சாதாரண இல்லத்தரசியாக வாழுமாறு அவன் வேண்டுகிறான், அவளும் உடன்படுகிறாள். ஒவ்வோர் அங்கத்திலும் அவ்வுடன்பாடு மீறப்படுகிறது. அதனால் விளையும் குழப்பமே நகைச்சுவை. ஈற்றில் ஒழுங்கு மீள்கிறது.

இத்தொடருக்கு முந்திய ஆண்டிலேயே, அமெரிக்க இல்லத்தரசியரின் பெயரிடப்படாத மனச்சோர்வை ஆராய்ந்த பெற்றி பிரீடனின் நூல் வெளிவந்தது. கைகளில் உலகை மாற்றும் ஆற்றலிருந்தும் வீடு கூட்ட வேண்டியிருக்கும் பெண்ணின் முரண்பாட்டை இத்தொடர் கண்டுகொண்டது என்பது உண்மை. சமந்தாவின் தாய் எண்டோரா மருமகனின் பெயரைச் சரியாக உச்சரிக்க மறுத்து, மகளின் அடிமைநிலையை இடித்துரைக்கும் இடங்களிலே எள்ளல் கூர்மை பெறுகிறது. டெரினின் விளம்பர வேலை பலமுறை மனைவியின் யோசனையாலேயே காப்பாற்றப்படுகிறது. ஆனால் தொடரின் கட்டமைப்பு இம்முரண்பாட்டை முற்றச் செல்ல விடுவதில்லை. மறைவில் நிகழும் மாயத்தை உள்ளபடி காண்பவள் அயல்வீட்டுப் பெண் கிளாடிஸ் ஒருத்தியே. அவளது கணவன் அவளை நம்புவதில்லை. உண்மையைக் கண்ட அவளையே நாம் பார்த்துச் சிரிக்குமாறு செய்யப்படுகிறோம். காட்சிகளுக்கிடையே முன்கூட்டிப் பதிவுசெய்த சிரிப்பொலி, எவ்விடத்திற் சிரிக்க வேண்டும் என்பதையும் எமக்காகத் தீர்மானிக்கிறது. பரணியின் பேய்கள் மன்னனை வாழ்த்தியதுபோல், சமந்தாவின் மாயம் நடுத்தர வர்க்க இல்லத்தை வாழ்த்தி ஓய்கிறது.

இதற்கு மாறான உதாரணங்களும் தொலைக்காட்சியில் உண்டு. 1997 முதல் 2003 வரை ஒளிபரப்பான 'பஃபி' தொடரின் மூன்றாம் பருவத்திலே, பெருந்தீமையாக வருபவர் நகர முதல்வர். அவர் கெட்ட வார்த்தை பேசாதவர், கிருமிக்கு அஞ்சித் தூய்மை பேணுபவர், இளையோருக்கு நல்லுரை கூறுபவர். அவரது புன்னகையும் பண்பும் எமக்குச் சிரிப்பூட்டுகின்றன. அதேவேளை நகரத்தையே பலியிடும் திட்டம் அப்புன்னகைக்குப் பின்னால் நகர்கிறது. கோரைப்பல்லிலும் பார்க்கக் கோப்பும் கைலேஞ்சியும் அச்சந்தரத்தக்கவை என்பதை இச்சித்திரிப்பு உணர்த்துகிறது.

நியூசிலாந்தில் 2014இல் வெளியான திரைப்படத்தைத் தழுவி, 2019 முதல் 2024 வரை அமெரிக்காவில் ஆறு பருவங்களாக ஒளிபரப்பான 'வட் வி டூ இன் த ஷடோஸ்' தொடர் மேலும் விரிவாக நோக்கத்தக்கது. நியூயோர்க்கின் ஸ்ரற்றன் தீவில் இரத்தக்காட்டேரிகள் சிலர் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். அமெரிக்கக் கண்டத்தைக் கைப்பற்ற வந்தவர்கள் என்ற பெருமை அவர்களுக்குண்டு. ஆனால் அம்முயற்சி உள்ளூராட்சிச் சபைக் கூட்டத்திற் போய் நின்று சிரிப்புக்கிடமாகிறது. அவர்களுள் ஒருவன் இரத்தம் குடிப்பதில்லை. அலுவலகத்தில் முடிவற்ற சலிப்பூட்டும் பேச்சினால் உடன் வேலை செய்வோரின் சக்தியை உறிஞ்சுகிறான். தொழிலிடத்துச் சோர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சுருங்கிய உருவகம் கிடைப்பது கடினம்.

எனினும் இத்தொடரின் உயிர்நாடி கியர்மோ என்ற ஏவலாளனே. மெக்சிக்கக் குடும்பப் பின்னணி கொண்ட இவ்விளைஞன், என்றோ ஒருநாள் தன்னையும் இரத்தக்காட்டேரியாக்குவர் என்ற வாக்குறுதியை நம்பிப் பத்தாண்டுக் காலம் எசமானின் பிணங்களைப் புதைத்து, வீட்டைத் துடைத்து, அவமதிப்பைத் தாங்கி ஊழியம் செய்கிறான். மார்க்ஸ் உருவகமாகக் கூறியதை இத்தொடர் கதையாகவே நடத்திக் காட்டுகிறது. கியர்மோவிடமிருந்து எசமான் உறிஞ்சியது இரத்தத்தையன்று. உறிஞ்சப்பட்டது அவனது உழைப்பும் இளமையுமே. உறிஞ்சப்படுபவன் உறிஞ்சுபவனாக மாற விரும்பியே அடிமைப்பட்டிருக்கிறான் என்பதை உணரும்போது எமது சிரிப்புத் தடுமாறுகிறது. பிற்பருவத்தில் அவ்விருப்பம் நிறைவேறியபோதும், பிறர் இரத்தத்தில் வாழ அவன் மனம் ஒப்பவில்லை, மீண்டும் மனிதனாகிறான். இத்தொடரில் பதிவுசெய்த சிரிப்பொலி இல்லை. எங்கே சிரிப்பது என்ற பொறுப்பும், சிரித்தபின் வெட்குவதா என்ற பொறுப்பும் பார்வையாளரிடமே விடப்படுகின்றன. இதுவும் முதலாளித்துவப் பொழுதுபோக்கு நிறுவனத்தின் உற்பத்தியே என்பதை நாம் மறக்கவில்லை. அந்நிறுவனங்கள் தம்மை எள்ளும் சிரிப்பையும் விற்க வல்லவை. ஆயினும் விற்பவனின் நோக்கமும் பொருளின் உள்ளடக்கமும் எப்போதும் ஒன்றல்ல.

தமிழ்த் திரையில் 2011இல் வந்த 'காஞ்சனா' படத்தையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். நிலப்பறிப்பை எதிர்த்ததால் அரசியல் அதிகாரம் படைத்தோரால் கொல்லப்பட்ட திருநங்கையே அதில் ஆவியாக வருகிறாள். இவ்வளவு கனமான சமூக அநீதியை ஒரு பேய்ப்படம் கையில் எடுத்தமை பாராட்டுக்குரியது. ஆனால் படத்தின் சிரிப்பும் அநீதியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நாயகனும் குடும்பத்தினரும் அணங்குக்கு நடுங்குவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். காஞ்சனாவின் துயரக்கதை வரும்போது சிரிப்பு நிறுத்தப்படுகிறது. நிலத்தைப் பறித்தவனோ ஒருகாலும் எள்ளப்படவில்லை. அவனைத் தண்டிப்பதற்கு மட்டுமே பேய் பயன்படுகிறது. இறையை எள்ளும் துணிவு சிரிப்புக்கு வாய்க்காதபோது, நீதி மாயத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

6

இவ்வளவுகோலுடன் புதுமைப்பித்தனிடம் மீள்வோம். 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையிலே கடவுள் சென்னைத் தெருவில் சித்தவைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். பிள்ளை வியக்கவில்லை, விழுந்து வணங்கவில்லை. கோப்பிக்குப் பணம் கொடுப்பது யார் என்பதும், கடவுளைப் பத்திரிகைக்கு ஆயுட்சந்தா கட்ட வைப்பது எப்படி என்பதுமே அவரது சிந்தனை. அணங்கின் மீதான அச்சம் முதற் சந்திப்பிலேயே அற்றுப்போய்விடுகிறது. பக்தி இலக்கியம் நூற்றாண்டுகளாக வளர்த்த இறைவன் - அடியான் உறவு, சந்தா சேர்ப்பவன் - சந்தாதாரர் உறவாகிவிடுகிறது.

கதையின் ஆழம் இதன்பின்னரே தொடங்குகிறது. பூலோகத்தில் வாழ எண்ணிய கடவுள் தொழில் தேட வேண்டியவராகிறார். ஆடலின் முதல்வன் திவான் பகதூர் ஒருவர் முன்னிலையில் ஆடிக் காட்டுகிறார். அது கலையே அன்று என்று நிராகரிக்கப்படுகிறது. இவ்விடத்தில் சிரிப்பின் முனை எத்திசையில் திரும்புகிறது என்பதை நோக்க வேண்டும். கலை எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தில்லைக் கூத்தனிடமும் இல்லை. பட்டமும் பணமும் உடையவரிடமே உள்ளது. உண்மையான இறை யார் என்பதை வாசகன் தானாகவே உணர்கிறான். பிரிவு வேளையில், மனிதரோடு கூடி வாழ இயலாது, தள்ளி நின்று வரந்தருவதே தம்மால் ஆகும் என்று கடவுள் ஒப்புக்கொள்ள, அவரது 'வர்க்கம்' அதற்கே தகுதியானது எனப் பிள்ளை விடை கூறுகிறார். அச்சொல்லைப் புதுமைப்பித்தன் எப்பொருளிற் கையாண்டிருப்பினும், அதன் எதிரொலியைச் செவிமடுக்காதிருக்க எம்மால் முடியவில்லை. ஈற்றில் எஞ்சுவது கணக்குப் புத்தகத்தில் 25 ரூபா வரவுப் பதிவு ஒன்றே.

இக்கதையிலும் ஒரு குறைபாட்டைச் சுட்டலாம். எள்ளல் எங்கும் பரந்து நிற்கிறது; கந்தசாமிப் பிள்ளையின் குட்டி முதலாளித்துவச் சாமர்த்தியமும் அதற்குத் தப்பவில்லை. ஆனால் எள்ளலுக்கு அப்பால் வழி எதுவும் தோன்றுவதில்லை. இதனை நம்பிக்கை வறட்சி என முற்போக்குத் திறனாய்வாளர் குறை கூறுதல் எளிது. கடவுளோடு விளையாடும் பிள்ளையின் குழந்தையை அவர்கள் மறந்துவிடக்கூடாது என்பதே எமது வேண்டுகோள். அச்சமும் கணக்கும் அறியாத அந்தச் சிறுமியிடம் மட்டுமே கடவுள் நண்பராக வாழ முடிகிறது. வைல்டின் வேர்ஜினியாவைப் போல, சிரிப்பின் மறுகரையில் நிற்பவள் அவள்.

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறின், அதீதப் புனைவில் நகைச்சுவை முதலில் அணங்கின் மீதான அச்சத்தைக் களைகிறது. இது எல்லா ஆக்கங்களுக்கும் பொதுவானது. அதன்பின் இரண்டு பாதைகள் உள்ளன. வெறுமையான அவ்விடத்தில் இருக்கும் ஒழுங்கையே மீள அமர்த்தி, ஆறுதலுடன் வீட்டுக்கு அனுப்புவது ஒன்று. அரசவைப் பரணியும் அமெரிக்க நடுத்தர வர்க்கத் தொடரும் எட்டு நூற்றாண்டு இடைவெளியைக் கடந்து இங்கே கைகோக்கின்றன. அஞ்சத்தக்கது பேயல்ல, பதவியும் பணமும் ஆணையுமே எனக் காட்டி, அவற்றையும் பார்த்துச் சிரிக்கும் துணிவைத் தருவது மற்றையது. கொகோலும் புல்காக்கோவும் புதுமைப்பித்தனும் அப்பாதையில் நடந்தவர்கள்.

இவ்வேறுபாட்டைக் காணாது யாவற்றையும் மாயக்கதை என ஒதுக்கியமையால் எமது திறனாய்வு அடைந்த இழப்பு சிறிதன்று. அச்சத்தை நெடுங்காலம் அன்றாட உணவுபோல் உண்டு வாழ்ந்த மக்கள் நாம். எவற்றுக்கு அஞ்சினோம் என்பதை நேராக எழுத இயலாதிருந்த காலங்கள் எமக்கு இருந்தன. அத்தகைய காலங்களில் ஒரு மூக்கோ வெற்று உடையோ ஆயுட்சந்தா கட்டும் கடவுளோ பேசக்கூடியவற்றை எமது எழுத்தாளர்கள் இன்னும் போதிய அளவு பேசவைக்கவில்லை. அதற்கு அவர்களிடம் ஆற்றல் இல்லாமை காரணமன்று. திறனாய்வாளராகிய நாம் அப்பாதையை அடைத்து வைத்திருந்தமையும் ஒரு காரணமாகும். அத்தடையை நீக்குவது எமது கடன்.